மோதிர விரல்

ஜனவரி 11

இன்றும் மடங்கியது.

ஜனவரி 12

நேற்று ஒரு வரியோடு மூடி வைத்துவிட்டேன், அவ்வளவு கோபம். இன்று கொஞ்சம் ஆறியிருக்கிறது. ஃப்ளமென்கோவின் சொலெயா தாளத்தில் வாசிக்க உட்கார்ந்தேன். பெருவிரல் வேலை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, விரல்களை விசிறித் தந்திகளை வருடும் ரஸ்கெயாதோ வந்ததும் மோதிர விரல் தானாகச் சுருண்டு உள்ளங்கைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வலி கிடையாது. வலித்தாலாவது ஒரு காரணம் சொல்லலாம். அதே விரல் சட்டைப் பொத்தான் போடுகிறது, உருளைக்கிழங்கு உரிக்கிறது, வீட்டுக்காரம்மாவின் ஆட்டுக்குக் காது சொறிந்துவிடுகிறது. மேசையில் பன்னிரண்டு எண்ணித் தட்டினேன், மூன்று, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டில் அழுத்தம், எல்லாம் சுத்தமாக விழுந்தது. கித்தாரைத் தொட்டால் மட்டும் இந்தக் கூத்து.

ஜனவரி 15

கையில் 340 யூரோ. லா மோலா சந்தை மே மாதம்தான் திறக்கும். கோடையில் புதன், ஞாயிறு சாயங்காலம் அந்தச் சந்தையில் இரண்டு மணி நேரம் வாசித்தால் ஒரு வாரம் ஓடிவிடும். இப்போது பாதித் தீவு பூட்டிக் கிடக்கிறது. கடற்கரைக் கடைகளை எல்லாம் பலகை அடித்து மூடிவிட்டார்கள். சுற்றுலாக்காரர்களுக்கு இந்த ஸ்பெயின் தீவு, ஃபோர்மென்தேரா, என்றால் ஜூலை. பிப்ரவரியைப் பார்த்திருந்தால் பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள்.

ஜனவரி 17

பையன் வந்தான். பதினொரு வயது, நகத்துக்குள் மண். ரும்பா சொல்லிக்கொடுக்கிறேன். அவன் மோதிர விரல் எந்த யோசனையும் இல்லாமல் நீண்டு மடங்கி நீண்டு மடங்கி... பார்க்கவே முடியவில்லை. "மாஸ்டர், நீங்க வாசிச்சுக் காட்டுங்க" என்றான். நகம் உடைந்திருக்கிறது என்று பொய் சொன்னேன். என் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தான்.

ஜனவரி 23

காற்று. படகு இல்லை.

ஜனவரி 24

காற்று. கூரை ஓடு ஒன்று போயிற்று. தீவில் விமான நிலையம் கிடையாது, துறைமுகத்தை மூடிவிட்டால் அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் இபிசாகூட வேறு கண்டம்தான்.

ஜனவரி 29

ஒரு மருத்துவரிடம் காட்டினேன். விரலை அமுக்கினார், மடக்கினார், நீட்டினார். ஒன்றுமில்லை, ஓய்வெடுங்கள் என்றார். கித்தாரை எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். எதற்கு என்றார். வாகனத்தை வீட்டில் விட்டுவிட்டு மெக்கானிக்கிடம் போன கதை. ஆனால் தப்பு என்னுடையதும்தான், கையோடு எடுத்துப் போயிருக்கலாம். வெட்கம்.

பிப்ரவரி 3

வீட்டுக்காரம்மா கருவாடு சுட்டுக் கொடுத்தாள். திருக்கையும் சுறாக்குட்டியும், சபீனா மரக்கிளையில் தொங்கவிட்டு வெயிலில் காய்ந்தது. தணலில் வாட்டி, கையால் நார்நாராகப் பிய்த்து ஆலிவ் எண்ணெயில் போட்டு வைப்பார்கள், அப்புறம் தக்காளி, காய்ந்த ரொட்டித் துண்டோடு கலந்து சாப்பிடுவது. பிய்க்கும் வேலையை என்னிடம் கொடுத்தாள். ஐந்து விரலும் சமர்த்தாகப் பிய்த்தன. நாலு வருடமாகியும் அவளுக்கு ஒரு சந்தேகம் தீரவில்லை, நிறத்தைப் பார்த்து நான் கிதானோ, ஸ்பெயின் ஜிப்ஸிதான், என்று நினைக்கிறாள். இல்லை என்றால் லேசாக ஏமாற்றம். "பின்னே எப்படி இந்த வாத்தியம் உன் கைக்கு வந்தது?" கைக்கு வந்ததா, கையை விட்டுப் போகிறதா, அதுதானே இப்போது கேள்வி.

பிப்ரவரி 9

தூக்கமே இல்லை. இரவு முழுக்க கித்தார்காரர் தியேகோ தெல் காஸ்தோர் ஞாபகம். தெற்கு ஸ்பெயினில் மோரோன் என்ற ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஊரைவிட்டு அதிகம் நகராமல் 1973 வரை வாசித்த மனிதர். அறுபதுகளில் அமெரிக்காக்காரர்கள் எல்லாம் அவரைத் தேடிப் போய் அந்த ஊரில் தங்கினார்கள். வேகத்துக்காக இல்லை. அந்தப் பெருவிரலுக்காக. ஒரு அடி, ஒரு இடைவெளி, அந்த இடைவெளியிலேயே கொம்பாஸ், அந்தத் தாளச் சுற்று, தெரியும். சரி, நானும் பெருவிரலை வைத்தே பிழைத்துக்கொண்டால் என்ன? பெருவிரலை மேலும் கீழும் ஓட்டும் அல்சாபூவா இருக்கிறது, ஃபல்செத்தா என்ற சின்னச் சின்ன மெட்டுகள் இருக்கின்றன, வேகமான புலெரியாவைக்கூட அப்படி ஓட்டிவிடலாம், சந்தையில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு நிற்பவர்களுக்கு என்ன தெரியப் போகிறது. தட்டு? கித்தார் பலகையில் விழும் தட்டு மோதிர விரலுடையது. அதை நடு விரலுக்குக் கொடுத்துப் பார்க்கலாம். காலை நாலு மணிக்கு இதெல்லாம் அருமையான திட்டமாகத் தெரிந்தது.

பிப்ரவரி 10

இல்லை. எனக்குத் தெரியுமே.

பிப்ரவரி 14

ஐஸ் குச்சியை வெட்டி, விரலுக்கு முட்டுக் கொடுத்து டேப் சுற்றினேன். விரல் நேராக நின்றது. பக்கத்து விரல் மடங்க ஆரம்பித்துவிட்டது!! சிரித்துவிட்டேன், உண்மையாகவே சத்தமாக.

வெளியே வந்தால் வீட்டுக்காரம்மா அத்திமரத்தடியில் முட்டுகளைச் சரிசெய்துகொண்டிருந்தாள். இங்கே அத்தி மேலே போகாது, போக விடமாட்டார்கள். கிளைகளைப் பக்கவாட்டில் பரப்பி, கீழே மரக்கட்டைகளை நட்டுத் தாங்குவார்கள். பெரிய மரத்துக்குள் நுழைந்தால் தூண் வைத்த மண்டபம் போல் இருக்கும், ஆடுகள் வெயிலுக்கு அங்கேதான் படுக்கும். ஒரு கட்டையை எடுத்துவிட்டால்? "தன் பாரத்திலேயே கிழியும்," என்றாள். அப்புறம் என் விரலில் இருந்த டேப்பைப் பார்த்தாள்.

பிப்ரவரி 19

பார்சிலோனாவில் ஒரு மருத்துவரிடம் நேரம் கிடைத்துவிட்டது. மார்ச் 4. தொலைபேசியில் பேசிய பெண் முதலில் சொன்னதே, கித்தாரை மறக்காமல் எடுத்து வாருங்கள் என்றுதான். அழுகை வந்துவிட்டது.

பிப்ரவரி 20

டிஸ்டோனியா. இசைக்கலைஞர்களுக்கு வருவது. விரலில் கோளாறு இல்லை, மூளை விரல்களை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கிறது, பல வருடம் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தவர்களுக்கு வருகிறது. அதாவது நன்றாகப் பயிற்சி செய்ததற்குக் கிடைத்த பரிசு. லியோன் ஃபிளைஷர் என்ற பியானோக்காரருக்கு அறுபதுகளில் வலது கை விரல்கள் இப்படிச் சுருண்டுகொண்டன. பல ஆண்டுகள் இடது கையால் வாசித்தார், மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார், தொண்ணூறுகளில் பொட்டாக்ஸ் ஊசி போட்ட பிறகுதான் இரண்டு கையாலும் மேடையில் தொடர்ந்து வாசிக்க முடிந்தது. முப்பது வருடம். எனக்கு 46. கணக்குப் போடாதே.

பிப்ரவரி 21

76.

பிப்ரவரி 25

பாக்கோ தெ லூசியா இறந்தது இதே தேதிதான், 2014. மெக்சிகோவில். சான் ஃபெரானில் நாலு பேர் கூடினோம், வழக்கமான ஆட்கள், அதில் ஒருவர் எழுபதுகளில் ஒரு வாரம் தங்க வந்த ஜெர்மன்காரர், இன்னும் கிளம்பவில்லை. வாசி வாசி என்றார்கள். தட்டுகிறேன் என்று சொல்லி மேசையை எடுத்துக்கொண்டேன். பெரிய கித்தார்காரர் நினைவுநாளில் மேசை வாசித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நன்றாகவே வாசித்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன். ஜெர்மன்காரர் பாடினார், பாட்டு அவருக்கு வராது, யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டு மணிக்கு மேட்டுச் சாலையில் யாரோ ஏற்றிக்கொண்டு வந்து விட்டார்கள்.

பிப்ரவரி 28

மறுபடி காற்று. நகங்களுக்குப் பசை பூசினேன், ஐந்துக்கும், மோதிர விரலுக்கும்தான். இபிசாவிலிருந்து இரவுக் கப்பல் 3ஆம் தேதி. அதற்குள் இங்கிருந்து அங்கே போய்ச் சேர வேண்டும்.

மார்ச் 1

காற்று. பையன் வந்தான், இன்று பாடம் இல்லை என்றேன். போகாமல் வாசலிலேயே உட்கார்ந்து அவனாக சொலெயா வாசித்துக்கொண்டிருந்தான். தட்டு தப்பான இடத்தில் விழுகிறது. எழுந்து போய்த் திருத்தவில்லை. பத்தாவது தடவை தாங்காமல் உள்ளேயிருந்து கத்தினேன், பத்தில் தட்டுடா, பத்தில்!

மார்ச் 3

துறைமுகம் திறந்தாயிற்று. லா சவீனா, காலை, வெளிச்சம் வரவில்லை. வீட்டுக்காரம்மா பொட்டலம் கட்டிக் கொடுத்த கருவாடு பைக்குள் மணக்கிறது, பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்கார்ந்துவிட்டார். காபிக் கடை மேசையில் தட்டினேன், சரி. படகுக் கம்பியில் தட்டினேன், சரி. கித்தார் பெட்டி மடியில் இருக்கிறது, மூடியபடி. அதன் மேல் இன்னும் தட்டிப்பார்க்கவில்லை