ஒளியால் அறுபடும் பிளாக் கோபாலிமரில் நானோதுளைப் படலம்: புதிதாகத் தொடங்குவோருக்கு

பிளாக் கோபாலிமர் என்பது இரு வெவ்வேறு பாலிமர்ச் சங்கிலிகள் முனையோடு முனை இணைந்தது. அந்த இணைப்பை ஒளியால் அறுத்து ஒரு பகுதியைக் கழுவி நீக்கினால், அது இருந்த இடம் துளையாகும். இந்தத் தலைப்பில் ப்ராஜெக்ட் எடுப்பவர்கள் பெரும்பாலும் யூவி (புறஊதா) விளக்கைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். விளக்கின் வேலை எளியது. துளைகள் ஒழுங்காக வருமா என்பது அதற்கு முன்பே, படலம் கரைப்பான் ஆவியில் இருக்கும்போதே முடிவாகிவிடும்.

தொடங்க ஏற்றது, பாலிஸ்டைரீனும் பாலிஎத்திலீன் ஆக்சைடும் ஆர்த்தோ-நைட்ரோபென்சைல் எஸ்டரால் இணைந்த பாலிமர். பின்னதன் கன அளவுப் பங்கு ஏறத்தாழ நான்கில் ஒன்றாக இருந்தால் அது பாலிஸ்டைரீனுக்குள் நானோ உருளைகளாகப் பிரியும். 365 நானோமீட்டர் ஒளியில் அந்த இணைப்பு அறும். அறுந்த பாலிஎத்திலீன் ஆக்சைடு மெத்தனால்-நீர்க் கலவையில் கரைந்து போகும், பாலிஸ்டைரீன் அப்படியே நிற்கும். வைவாவில் 254 நானோமீட்டர் ஏன் கூடாது என்று கேட்பார்கள். அந்த அலைநீளத்தை பாலிஸ்டைரீனே உறிஞ்சும். சங்கிலிகள் குறுக்கே பிணைவதும் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைவதும் அதனால்தான். 365-இல் அந்தத் தொல்லை இல்லை.

பாலிமர் வந்த நாள் முதல் அதை இருட்டில் வையுங்கள். குப்பியை அலுமினியத் தாளால் சுற்றி, மஞ்சள் விளக்கில் வேலை செய்யுங்கள். சாதாரண அறை வெளிச்சத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக இணைப்பு அறும். அப்படி உதிர்ந்த தனிப்பாலிமர் (இணை இல்லாத ஒற்றைச் சங்கிலி) அமைப்பின் ஒழுங்கைக் குலைக்கும்.

டொலுயீனில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் கரைத்து, 0.2 மைக்ரோமீட்டர் டெஃப்லான் வடிகட்டியில் வடித்து, யூவி-ஓசோனில் சுத்தம் செய்த சிலிக்கான் வேஃபரில் 2000 முதல் 3000 ஆர்பிஎம் வேகத்தில் ஸ்பின் செய்தால் (சுழற்றிப் பூசினால்) சில பத்து நானோமீட்டர் தடிமன் கிடைக்கும். வடிகட்டாமல் விட்டால் ஒவ்வொரு தூசைச் சுற்றியும் வால்வெள்ளி போலக் கோடு விழும்.

இனிதான் கவனம் தேவை. மூடிய கண்ணாடி ஜாடியில் டொலுயீன் ஒரு சிறு குப்பியிலும் நீர் இன்னொன்றிலும் வைத்து, நடுவில் படலத்தை வையுங்கள். டொலுயீன் சங்கிலிகளுக்கு நகர இடம் கொடுக்கும். ஈரப்பதம் பாலிஎத்திலீன் ஆக்சைடை மேற்பரப்புக்கு ஈர்த்து, உருளைகளைச் செங்குத்தாக நிமிர்த்தும். காற்று வறண்டிருந்தால் உருளைகள் படுத்துவிடும். பிறகு எவ்வளவு கழுவினாலும் மேலிருந்து கீழ்வரை போகும் துளை வராது. ஜாடிக்குள் ஒரு ஈரப்பதமானி வைத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். நிறத்தையும் பாருங்கள்: 50 நானோமீட்டர்ப் படலம் பழுப்பாகத் தெரியும், வீங்க வீங்க ஊதாவுக்குப் போகும். புள்ளி புள்ளியாகத் திரளத் தொடங்கினால் வீக்கம் மிஞ்சிவிட்டது, அந்தத் துண்டைக் கைவிடலாம். முடித்ததும் மூடியைச் சட்டென்று திறங்கள். தயங்கித் திறந்தால் அமைப்பு மாற நேரம் கிடைத்துவிடும்.

ஒளி எவ்வளவு நேரம் என்பது விளக்கின் திறனையும் தூரத்தையும் பொறுத்தது. பிறர் எழுதிய நிமிடக் கணக்கை நம்பாமல், ஒரே வேஃபரைத் துண்டாக்கி வெவ்வேறு நேரம் காட்டிக் கழுவி ஒப்பிடுங்கள். அகச்சிவப்பு நிறமாலையில் 1100 செ.மீ⁻¹ அருகே பாலிஎத்திலீன் ஆக்சைடின் ஈதர் பட்டை தேய வேண்டும். ஆனால் சிலிக்கானில் உள்ள ஆக்சிஜனும் 1107-இல் உறிஞ்சும்! அதே வேஃபரின் பூசாத துண்டைப் பின்னணியாக எடுக்காவிட்டால், கழுவியும் போகவில்லை என்று தவறாக முடிவெடுப்பீர்கள்.

கழுவியபின் நைட்ரஜனில் உலர்த்தினால் போதும். சூட்டில் உலர்த்தாதீர்கள், பாலிஸ்டைரீனின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸ் அளவில் இருப்பதால் அதை நெருங்கினாலே துளைகள் மூடத் தொடங்கும். அணுவிசை நுண்ணோக்கியில் ஆழம் குறைவாகத் தெரிந்தால் உடனே பதறவேண்டாம், 20 நானோமீட்டர் துளைக்குள் ஊசிமுனை அடிவரை இறங்காது. ஆழத்தை வேஃபரை உடைத்து எடுத்த குறுக்குவெட்டு எஸ்இஎம் (வருடும் எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் அளந்துகொள்ளுங்கள்.