காக்கையை விட்டுவிட்ட பட்டியல்

நான்கு மாதமாகக் காலையில் அம்மாவோடு பினாங்கின் தண்ணீர்மலை பூந்தோட்டத்துக்கு நடக்கப் போகும்போதெல்லாம், பார்த்த பறவைகளை இ-பேர்டு செயலியில் பதிந்து வருகிறேன். போன வாரம் அம்மா கைப்பேசியை எட்டிப் பார்த்துவிட்டு, "காக்காவக் காணோமே, நாகலிங்க மரத்தடியில அத்தனை இருந்துச்சே?" என்றார். "அதையெல்லாம் யாரும்மா எழுதுவாங்க" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து பசியாறும்போதுதான் உறைத்தது.

பட்டியலை அனுப்பும் முன் செயலி ஒரு கேள்வி கேட்கும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா? நான் யோசிக்காமல் 'ஆம்' என்று தட்டிக்கொண்டிருந்தேன். ஆம் என்றால், பட்டியலில் இல்லாத பறவை அன்று அங்கே தென்படவே இல்லை என்று பொருள். இந்தப் பட்டியல்களை வைத்து ஆராய்ச்சி செய்பவர்களுக்கு இந்த 'இல்லை' ரொம்ப முக்கியம். எத்தனை நிமிடம், எவ்வளவு தூரம் நடந்தோம் என்பதோடு அதையும் சேர்த்துத்தான் ஒரு பறவை எங்கே பெருகுகிறது, எங்கே குறைகிறது என்று கணக்கிடுகிறார்கள். மீன்கொத்தியையும் இருவாச்சியையும் ஆசையாக எழுதிய நான், பூந்தோட்டத்தில் காக்கையே இல்லை என்று நான்கு மாதம் பொய்ச்சாட்சி சொல்லியிருக்கிறேன்.

இ-பேர்டை 2002இல் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆடுபான் சங்கமும் சேர்ந்து தொடங்கின. விசித்திரமான பதிவு வந்தால் சரிபார்க்க அந்தந்தப் பகுதியில் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். ஆனால் நான் எழுதாமல் விட்ட காக்கையை எந்தத் தன்னார்வலரால் கண்டுபிடிக்க முடியும்?

அதிலும் காக்கையை விட்டதுதான் மனதை உறுத்துகிறது. கழுத்து சாம்பல் நிறமாக இருக்குமே, அந்த வீட்டுக் காக்கை இந்த மலேசிய மண்ணின் பறவை அல்ல. நூறு ஆண்டுக்கும் முன்னால், கிள்ளான் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். நம் தாத்தா பாட்டிகளைப் போலக் கப்பலேறி வந்தது. காப்பி போய் ரப்பர் வந்தது, காக்கை தங்கிவிட்டது. அது எந்த ஆண்டு எந்த ஊரை எட்டியது என்பதை அன்றைக்கே நாலு பேர் நடக்கிற வழியில் குறித்து வைத்திருந்தால் இன்று எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்!

சரி, செய்ததைத் திருத்த வழி இருக்கிறது. பழைய பட்டியல்களை ஒவ்வொன்றாகத் திறந்து அந்த 'ஆம்'ஐ 'இல்லை' என்று மாற்றினேன், இரண்டு இரவு பிடித்தது. நினைவிலிருந்து காக்கை எண்ணிக்கையைச் சேர்க்கவில்லை, அது இன்னொரு பொய்யாகிவிடும். நீங்களும் பதிகிறீர்கள் என்றால் மைனா, புறா, சிட்டு எதையும் விடாதீர்கள். எண்ண முடியவில்லையா, இருந்தது என்று மட்டும் குறிக்க ஓர் எக்ஸ் போடலாம். தோராயமாக ஓர் எண் கொடுத்தால் இன்னும் நல்லது.

இன்று காலை காக்கை எண்ணும் வேலையை அம்மாவிடம் கொடுத்தேன். "பதினேழு... இல்லய்யா, பதினெட்டு போடு, ஒண்ணு குப்பைத்தொட்டிக்குப் பின்னால நிக்குது."