பழைய கேபினட்டுக்குள் வெள்ளை எல்இடி: 120 ஓம் 220 ஆன கணக்கு

என்னிடம் இருப்பது கனமான பழைய இரும்பு கணினி கேபினட். மதர்போர்டும் பழையதுதான், நிறம் மாறும் ஆர்ஜிபி விளக்குக்கென்று தனி பின்கள் அதில் கிடையாது. பக்கத் தகட்டை வெட்டி அக்ரிலிக் பொருத்தியதும், உள்ளே வெளிச்சம் இல்லாமல் அந்த ஜன்னலுக்குப் பொருளே இல்லை என்று தெரிந்துபோனது. பசை தடவிய 12 வோல்ட் ஸ்ட்ரிப் வாங்கி ஒட்டியிருக்கலாம். எனக்கு வேண்டியது வேறு. கிராபிக்ஸ் கார்டின் மேலும் சிபியு ஃபேன் மேலும் மட்டும் ஒளி விழ வேண்டும், மற்ற இடம் இருட்டாகவே இருக்க வேண்டும். அதனால் 5 மில்லிமீட்டர் வெள்ளை எல்இடி 12 எடுத்து, நானே வயரிங் செய்தேன்.

சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் எல்இடி பாக்கெட்டாகத்தான் தருவார்கள். அதன் விவரங்கள் எழுதிய தாள் எதுவும் கூட வராது. “இது எத்தனை வோல்ட்ண்ணே?” என்று கேட்டேன். “எல்லாம் மூணு வோல்ட்டுதான் தம்பி. 12-க்குப் போடுறதா இருந்தா 470 போடுங்க, ஒண்ணும் ஆகாது” என்றார் கடைக்காரர். அவர் சொன்னது 470 ஓம் ரெசிஸ்டரை, அதாவது மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு உறுப்பை; அது சரியான மதிப்பு. வெள்ளை எல்இடிக்கு 3.2 வோல்ட் என்று வைத்தால், 12-இல் மீதி 8.8 வோல்ட். அதை 470 ஓமால் வகுத்தால் கிட்டத்தட்ட 19 மில்லி ஆம்பியர். இந்த வகை எல்இடிக்குப் பொதுவான வரம்பு 20. ஆகவே ஒற்றை எல்இடிக்கு 470 பாதுகாப்பானது.

ஆனால் பன்னிரண்டுக்கும் தனித்தனியாக 470 போட்டால் மொத்தம் 225 மில்லி ஆம்பியர் ஓடும். அந்த 2.7 வாட்டில் முக்கால் பங்கு வெளிச்சமாகாமல் ரெசிஸ்டர்களில் சூடாகப் போகும். ஏற்கெனவே காற்றோட்டம் குறைந்த பெட்டிக்குள் அந்தச் சூட்டைச் சேர்க்க எனக்கு மனமில்லை. திருவிழாவுக்குக் கட்டும் சீரியல் செட் போல மூன்று மூன்றாகத் தொடராகக் கோத்துவிட்டால், ஒரே மின்னோட்டம் மூன்றுக்கும் பயன்படும். நான்கைக் கோக்க முடியாது; 3.2 பெருக்கல் 4 என்றால் 12.8, எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) தரும் 12-ஐத் தாண்டிவிடுகிறது.

மூன்றுக்குக் கணக்குப் போட்டால் 12 கழித்தல் 9.6, மீதி 2.4 வோல்ட். 20 மில்லி ஆம்பியருக்கு 120 ஓம். பெரும்பாலானவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு சால்டரிங் அயர்னை எடுத்துவிடுகிறார்கள். இந்த இடத்தில்தான் நிதானமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஒற்றை எல்இடியில் ரெசிஸ்டரின் பங்கு 8.8 வோல்ட், அதனால் எல்இடியில் கொஞ்சம் வித்தியாசம் இருந்தாலும் மின்னோட்டம் பெரிதாக மாறாது. மூன்று தொடரில் ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 2.4 மட்டுமே. ஒவ்வொரு எல்இடியும் 0.2 வோல்ட் குறைவாக எடுத்துக்கொண்டாலே அந்த 2.4 மூன்றாகிவிடும், மின்னோட்டம் கால் பங்கு கூடிவிடும். எல்இடி சூடாகச் சூடாக அது எடுக்கும் வோல்ட் இன்னும் இறங்கும், மின்னோட்டம் இன்னும் ஏறும்.

அதனால் எல்லா எல்இடியையும் அளந்துவிட முடிவு செய்தேன். பழைய மோடத்தின் 12 வோல்ட் அடாப்டர், ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், பிரெட்போர்டு (சால்டர் இல்லாமல் செருகிப் பார்க்கும் பலகை), மல்டிமீட்டர், இவ்வளவே தேவைப்பட்டது. 1 கிலோ ஓம் போட்டால் சுமார் 9 மில்லி ஆம்பியர்தான் ஓடும், எல்இடிக்கு ஆபத்தில்லை. ஒவ்வொன்றாகச் செருகி இரண்டு காலுக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். ஒரே பாக்கெட்டில் 2.9-உம் இருந்தது, 3.2-உம் இருந்தது. அளந்த எண்ணைச் சிறு தாளில் எழுதி அந்தந்த எல்இடியின் காலில் குத்தி வைத்தேன்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ். கணினி எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் விதிப்படி 12 வோல்ட் லைன் 5 சதவீதம் வரை ஏறி இறங்கலாம், அதாவது 11.4 முதல் 12.6 வரை. மோசமான சேர்க்கையைப் பார்ப்போம். 12.6 வோல்ட் வருகிறது, மூன்று எல்இடியும் 2.9 எடுப்பவை. மீதி 3.9 வோல்ட். புத்தகக் கணக்கின் 120 ஓமில் இது 32 மில்லி ஆம்பியர் ஆகிறது. உடனே எரிந்து போகாது, ஆனால் மங்கி மங்கி ஆயுள் குறையும். 150-இல் 26. 180-இல் கிட்டத்தட்ட 22. 220 போட்டால் 17 சொச்சம். 220 ஓம் எல்லாக் கடையிலும் கிடைப்பது. சிவப்பு, சிவப்பு, பழுப்பு என்று பட்டைகளைப் பார்த்தே எடுத்துவிடலாம். மோசமான நிலையிலும் அதில் செலவாவது 0.07 வாட்தான், கால் வாட் ரெசிஸ்டர் தாராளம்.

வழக்கமான நிலையில் 220 ஓம் தருவது சுமார் 13 மில்லி ஆம்பியர். வெளிச்சம் போதாதோ என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது 13-க்கும் 20-க்கும் உள்ள வேறுபாட்டைக் கண் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. நான்கு தொடருக்கும் சேர்த்து 52 மில்லி ஆம்பியர், அரை வாட்டுக்குச் சற்று மேல். அளந்ததில் இன்னொரு பயனும் கிடைத்தது. ஒவ்வொரு தொடரிலும் குறைவாக எடுப்பது ஒன்று, நடுத்தரம் ஒன்று, கூடுதலாக எடுப்பது ஒன்று என்று கலந்து வைத்தேன். நான்கின் கூட்டுத்தொகையும் ஏறக்குறைய சமமாக வந்ததால், நான்கு தொடரும் ஒரே அளவு ஒளிர்ந்தன.

தொடருக்கு ஒரு ரெசிஸ்டர் என்பதை விடவே கூடாது. நான்கு தொடரையும் இணையாகச் சேர்த்துப் பொதுவில் ஒரே ரெசிஸ்டர் போட்டால், குறைந்த வோல்ட்டில் எரியும் தொடர் தன் பங்குக்கு மேல் இழுத்துக்கொள்ளும்.

சால்டர் வேலை நேரம் பிடித்ததே தவிர கடினமில்லை. 25 வாட் அயர்ன் போதும். நீளமான கால் பிளஸ், விளிம்பு தட்டையாக இருக்கும் பக்கம் மைனஸ். காலை ட்வீசரால் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று விநாடிக்குள் ஈயம் வைத்துவிட வேண்டும். ஒவ்வொரு இணைப்புக்கும் ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் உறை) போட்டேன். சுற்றிலும் இரும்பு கேபினட், ஒரு கால் உரசினாலும் ஷார்ட்தான். எல்இடிகளை உட்கார வைக்க, வீட்டு வயரிங்குக்குப் போடும் பிவிசி கேசிங் பட்டையில் 5 மில்லிமீட்டர் துளை போட்டேன். வயர் உள்ளே மறைந்துவிடும், மூடியும் கூடவே வருகிறது.

மின்சாரத்துக்கு எஸ்எம்பிஎஸ் வயரில் கை வைக்கவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் நான்கு பின் மோலெக்ஸ் இணைப்பை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிளை வாங்கி அதை வெட்டிக்கொண்டேன். அதில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவில் இரண்டு கறுப்பும் கிரவுண்ட். வேண்டாத சிவப்பின் முனையை ஸ்லீவ் போட்டு மூடினேன். மஞ்சள் வயரில் 500 மில்லி ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ் ஒன்றையும் சேர்த்தேன். எஸ்எம்பிஎஸ்ஸின் 12 வோல்ட் லைன் பல ஆம்பியர் தரக்கூடியது. மெல்லிய வயர் ஷார்ட் ஆனால் பாதுகாப்பு விழித்துக்கொள்ளும் முன் வயர் உருகிவிடலாம். அதே காரணத்துக்காக முதல் சோதனையையும் மோடம் அடாப்டரில்தான் நடத்தினேன். நான்கு தொடரும் நெடுநேரம் எரிந்து, ரெசிஸ்டர்கள் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை என்று தொட்டுப் பார்த்த பிறகே கேபினட்டுக்குள் கொண்டுபோனேன்.

உள்ளே வைத்ததும் ஒன்று கண்ணை உறுத்தியது. தெளிவான தலை கொண்ட எல்இடி ஒளியைக் குறுகிய வட்டமாகத்தான் வீசும். கார்டின் மேல் வட்டம் வட்டமாக விழுந்தது. 400-ஆம் எண் உப்புத்தாளால் ஒவ்வொரு தலையையும் தேய்த்து மங்கலாக்கியதும் வட்டங்கள் கரைந்து ஒரே படலமாகப் பரவியது. தேய்த்த தூளை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

மிச்சமிருந்த வெள்ளை எல்இடிகளில் ஒன்றை முன்பக்கப் பவர் விளக்கின் பச்சைக்குப் பதிலாக மாற்றினேன். அங்கே 220 தேவையில்லை. அந்தப் பின்களுக்கு மதர்போர்டிலேயே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் இருக்கிறது; பிளஸ், மைனஸ் பார்த்துச் செருகினாலே எரிகிறது.