அரைவல் கார்டு: தேதி, இனிஷியல், ஜொகூர் பஸ்

வெளிநாட்டில் இறங்கும்போது இமிகிரேஷனில் கொடுக்க, விமானத்தில் தரும் அரைவல் கார்டு என்ற சீட்டை வாங்கி, பக்கத்து இருக்கைக்காரரிடம் பேனா கடன் கேட்கும் காலம், நம்மவர்கள் அதிகம் போகும் மூன்று நாடுகளில் முடிந்துவிட்டது. சிங்கப்பூர் 2020லேயே இணையத்தில் நிரப்பும் எஸ்ஜி அரைவல் கார்டுக்கு மாறியது. மலேசியாவில் 2024 ஜனவரி 1 முதல் எம்டாக் (மலேசியா டிஜிட்டல் அரைவல் கார்டு) கட்டாயம். தாய்லாந்தில் 2025 மே 1 முதல் டிடாக் (தாய்லாந்து டிஜிட்டல் அரைவல் கார்டு). மூன்றுமே இலவசம். காசு கேட்டால் நீங்கள் நிற்பது இடைத்தரகர் தளத்தில். தேடினால் மேலே விளம்பரமாக வருவது பெரும்பாலும் அதுதான், நிறமும் சின்னமும் அரசுத் தளம் போலவே இருக்கும். முகவரி எதில் முடிகிறது என்று பாருங்கள்: சிங்கப்பூருக்கு ஜிஓவி டாட் எஸ்ஜி, மலேசியாவுக்கு ஜிஓவி டாட் எம்ஒய், தாய்லாந்துக்கு ஜிஓ டாட் டிஎச். பணம் போவதைவிட, பாஸ்போர்ட் விவரம் யாரிடமோ போவதுதான் பெரிய நஷ்டம்.

இன்னொன்று, இது விசா அல்ல. இந்திய பாஸ்போர்ட்டில் சிங்கப்பூர் போக விசா தனியாக வேண்டும். கார்டு போட்டு வந்த மெயிலை விசா என்று நம்பி கவுன்டருக்குப் போனால் போர்டிங் பாஸ் கிடைக்காது.

படிவத்தை நிரப்புவது பத்து நிமிட வேலை. தப்பு நடப்பது பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே: வந்திறங்கும் தேதி. சென்னையிலிருந்து கிழக்கே போகும் விமானங்கள் பல இரவில் கிளம்புபவை. 17ஆம் தேதி இரவு 11.15க்குக் கிளம்பினால், நான்கு மணி நேரத்துக்கு மேல் பறந்து, இரண்டரை மணி நேர வித்தியாசமும் சேர்ந்து, சிங்கப்பூரில் 18ஆம் தேதி காலை ஆறு மணி வாக்கில் இறங்குவீர்கள். டிக்கெட்டில் இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் '+1' என்று இருக்கும். அதைக் கவனிக்காமல் 17 என்று போடுகிறவர்கள் ஏராளம். கார்டை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள்தான் போட முடியும், அந்தக் கணக்கும் இறங்கும் தேதியிலிருந்துதான். சிங்கப்பூரைப் பொறுத்தவரை இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாள், அதாவது 18க்கு இறங்கினால் 16லிருந்து போடலாம். ஒரு மாதம் முன்பே முடித்து நிம்மதியாகிவிடலாம் என்று உட்கார்ந்தால் தளம் ஏற்றுக்கொள்ளாது.

அடுத்தது பெயர். இங்கேதான் நமக்கென்று தனிச் சிக்கல். நம் பாஸ்போர்ட்டுகள் பலவற்றில் சர்நேம் கட்டம் காலி, இனிஷியலை விரித்து முழுப்பெயரும் கிவன் நேமில் இருக்கும். சிலருக்கு அப்பா பெயர் சர்நேமில் இருக்கும். சிங்கப்பூரும் மலேசியாவும் முழுப்பெயரை ஒரே கட்டத்தில் கேட்பதால் பிரச்சினை குறைவு. பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்து பிசகாமல், இனிஷியல் சுருக்காமல், திரு, திருமதி சேர்க்காமல் போட்டால் போதும். தாய்லாந்து குடும்பப் பெயர், முதல் பெயர், நடுப்பெயர் என்று பிரித்துக் கேட்கிறது. சர்நேம் இல்லாதவர்கள் குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஒரு சிறு கோடு (-) போடுவது வழக்கம். முழுப்பெயரை இஷ்டத்துக்கு இரண்டாக வெட்டிப் போடாதீர்கள்.

சிங்கப்பூர் படிவத்தில் ஒரு கேள்வியைப் பலர் படிக்காமலே 'இல்லை' என்று தட்டுகிறார்கள்: இதற்கு முன் வேறு பெயரிலுள்ள பாஸ்போர்ட்டில் சிங்கப்பூருக்குள் வந்திருக்கிறீர்களா? கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்தவர்களும், புது பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துக்கொண்டவர்களும் பழைய பாஸ்போர்ட்டில் ஒருமுறை போய் வந்திருந்தால் பதில் 'ஆம்'. பழைய பெயரையும் கொடுங்கள். பயப்பட ஒன்றுமில்லை, மறைத்தால்தான் கேள்வி வரும்.

பாஸ்போர்ட் எண்ணில் முதலில் ஒரு ஆங்கில எழுத்து, பிறகு ஏழு இலக்கங்கள். ஆகவே முதல் எழுத்துக்குப் பின்னால் 'ஓ' போலத் தெரிவதெல்லாம் பூஜ்யம்தான். போனில் நிரப்புகிறவர்கள் நாட்டுப் பட்டியலில் விரலைப் பார்த்து வையுங்கள், இந்தியாவுக்கு அடுத்த வரியிலேயே இந்தோனேசியா. 91ஐத் தனிக் கட்டத்தில் கொடுத்த பிறகு, போன் நம்பர் பத்து இலக்கம் மட்டும்.

'கடைசியாக ஏறிய இடம்' என்றால் சொந்த ஊர் அல்ல. திருச்சியிலிருந்து கொழும்பு போய், அங்கே விமானம் மாறி கோலாலம்பூர் போகிறீர்கள் என்றால் பதில் கொழும்பு. விமான எண்ணும் கொழும்பில் ஏறும் விமானத்தினுடையது.

அதிகம் பேர் தடுக்கி விழுவது, சிங்கப்பூரை ஒட்டிய மலேசிய ஊரான ஜொகூர் பாருவில். கார்டு என்பது பயணத்துக்கு ஒன்று அல்ல, ஒவ்வொரு நுழைவுக்கும் ஒன்று. சிங்கப்பூர் டூர் போனவர் ஒருநாள் உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடி வழியாக பஸ்ஸில் ஜொகூர் போய்த் திரும்பினால், மொத்தம் மூன்று: முதலில் சிங்கப்பூருக்கு, அப்புறம் மலேசியாவுக்கு எம்டாக், திரும்பும்போது மறுபடி சிங்கப்பூருக்கு. சிங்கப்பூர் விசா பலமுறை நுழையும் வகையா என்பதையும் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் வேலை பாஸில் இருப்பவர்களுக்குத் தரைவழியாகத் திரும்ப சிங்கப்பூர் கார்டு வேண்டாம், ஆனால் ஜொகூர் போக எம்டாக் வேண்டும். கூட வரும் சிங்கப்பூர் குடிமகனுக்கு அது தேவையில்லை. 'அவர் போடவில்லையே' என்று நீங்களும் விட்டுவிட்டால், பஸ்ஸிலிருந்து இறங்கி செக்பாயின்ட்டில் ஓரமாக நின்று போனைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான், பஸ் காத்திருக்காது. ஒரே விமான நிலையத்துக்குள் இமிகிரேஷன் தாண்டாமல் அடுத்த விமானம் பிடிப்பவர்களுக்கு, சிங்கப்பூரானாலும் மலேசியாவானாலும் கார்டு வேண்டியதில்லை.

தங்கும் முகவரியில் அஞ்சல் குறியீட்டை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். சிங்கப்பூரில் ஆறு இலக்கம், மலேசியாவில் ஐந்து. மலேசியப் படிவம் மாநிலத்தைக் கேட்டு, பிறகுதான் ஊர்ப் பட்டியலைத் திறக்கும். பத்துமலை பக்கம் தங்குகிறவர்கள் கோலாலம்பூரைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஊரைக் காணவில்லை என்று தேடுவார்கள். அது சிலாங்கூர் மாநிலம், 68100. சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் பிளாக் எண், மாடி, கதவு எண் மூன்றையும் வாட்ஸப்பில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கைக்குழந்தைக்கும் தனிக் கார்டு உண்டு. உடல்நலக் கேள்விகளில் காய்ச்சல், அண்மையில் போன நாடுகள் என்று வரும், உள்ளதைச் சொல்லுங்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் வழியாக வருகிறவர்கள் தடுப்பூசிச் சான்றிதழைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

அனுப்பிய பிறகு தப்பு தெரிந்தால்? டிடாக்கில் விமான எண், தங்கும் இடம் போன்றவற்றைப் பயணத்துக்கு முன் திருத்தலாம். பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி தப்பானால் புதிதாக ஒன்று போட்டுவிடுங்கள்.

மெயில் முகவரி மட்டும் ஏஜென்டுடையதாக இருக்க வேண்டாம். சிங்கப்பூரில் இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை, எத்தனை நாள் தங்கலாம் என்ற இ-பாஸ் அந்த மெயிலுக்குத்தான் வருகிறது. ஏஜென்டின் மெயிலுக்குப் போய்விட்டால், விசாவில் உள்ள தேதியைப் பார்த்து அதுவரை இருக்கலாம் என்று நினைத்துக்கொள்வீர்கள். விசா செல்லும் காலம் வேறு, தங்க அனுமதித்த நாள் வேறு. பெட்டிக்காகக் காத்திருக்கும்போதே சாங்கி விமான நிலைய வைஃபையில் மெயிலைத் திறந்து கடைசித் தேதியைப் பாருங்கள். வரவில்லை என்றால் ஸ்பாம் பெட்டி, அங்கும் இல்லை என்றால் இமிகிரேஷன் தளத்தில் பாஸ்போர்ட் விவரம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.