ஆய்வேட்டு வழிகாட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பினாங்கில் கணிதம் படிக்கும் தம்பி தங்கைகள் பலர், இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு எந்தப் பேராசிரியரை அணுகலாம் என்று கேட்கிறார்கள். ஆய்வுத் துறைகளின் பட்டியலை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அவருடைய வகுப்பில் ஒரு பருவமாவது உட்கார்ந்து, ஒரு கணக்கை எங்கிருந்து தொடங்குகிறார் என்று கவனியுங்கள்.

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மிண்டன் வளாகத்தில் எனக்கு வாய்த்த பேராசிரியரின் ஆய்வு, புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கோட்டுருவியலில், குறிப்பாக ரேம்சி எண்களில். 1930இல், 26 வயதிலேயே மறைந்த ஆங்கிலேயக் கணிதவியலாளர் பிராங்க் ரேம்சியின் பெயரால் வழங்கும் எண்கள் அவை. எங்கள் பேராசிரியர் தேற்றத்தை முதலில் எழுத மாட்டார். பலகையில் ஐந்து புள்ளிகள் வைப்பார். ஒவ்வோர் இரு புள்ளிகளையும் சிவப்பாலோ நீலத்தாலோ இணைக்க வேண்டும். மூன்று பக்கமும் ஒரே நிறமான முக்கோணம் அமையக்கூடாது. ஐங்கோணத்தின் பக்கங்களுக்குச் சிவப்பு, உள்ளே விழும் நட்சத்திரத்துக்கு நீலம் என்று யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். உடனே ஆறாவது புள்ளி வைப்பார். வகுப்பே திணறும். நன்றாகத் திணறவிட்டுத்தான் வாய் திறப்பார்.

"ஒரு புள்ளியைப் பிடியுங்கள். அதிலிருந்து ஐந்து கோடுகள் போகின்றன. அவற்றில் குறைந்தது மூன்று ஒரே நிறமாக இருந்தே தீர வேண்டும் அல்லவா?" அந்த மூன்றும் சிவப்பு என்று கொள்வோம். அவற்றின் மறுமுனைகளை இணைக்கும் கோடுகளில் ஒன்று சிவப்பானாலும் சிவப்பு முக்கோணம் வந்துவிடும். மூன்றும் நீலமானால் அதுவே நீல முக்கோணம். தப்பிக்க வழியே இல்லை. இப்படி ஒரே நிற முக்கோணத்தைத் தவிர்க்க முடியாமல் ஆக்கும் மிகக் குறைந்த புள்ளிகள் ஆறு; இத்தகைய எண்களே ரேம்சி எண்கள். பழைய கேள்வித்தாள்களைப் போட்டுப் போட்டே பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வைத் தாண்டி வந்த எங்களுக்கு, நிரூபணம் என்றால் என்ன என்பது அன்றுதான் புரிந்தது.

முக்கோணத்துக்குப் பதில், தமக்குள் ஒரே நிறத்தில் இணைந்த நான்கு புள்ளிகள் கட்டாயம் அமைய வேண்டுமானால் 18 புள்ளிகள் வேண்டும். ஐந்துக்கு? 43 முதல் 46க்குள் என்பதுவரைதான் உலகம் அறியும். விடை தெரியாத கேள்வி இவ்வளவு அருகில் இருக்கிறது என்று காட்டுகிற ஆசிரியர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

அவரைப் பார்க்கப் போகும்போது மதிப்பெண் பட்டியலைவிட, நீங்களே கையால் போட்டுப் பார்த்த ஒரு சிறு கணக்கைக் கொண்டுபோங்கள். பாதியில் நின்றிருந்தாலும் சரி, எங்கே நின்றது என்று சொல்லத் தெரிந்தால் போதும். மாணவர்களை வாரந்தோறும் சந்திப்பாரா என்றும் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை.

பைதான் நிரல்மொழி ஓரளவு தெரிந்திருப்பது நல்லது. ஆறு புள்ளிகளுக்கு 15 கோடுகள், 32,768 நிறமிடல்கள். கணினி நொடியில் சோதித்துவிடும். 43 புள்ளிகளுக்கோ 903 கோடுகள். அங்கே எந்தக் கணினியாலும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க இயலாது. தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து யோசித்தாக வேண்டும்.