விறகுக் கட்டு

2012இல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு பரவி, நான் பணிபுரிந்த மருத்துவமனையில் கட்டில் போதாமல் நோயாளிகள் பாயில் படுத்திருந்த நாள்களில், முக்கூடல் அருகிலிருந்து பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தியை அவள் தாயார் அழைத்து வந்தார். "சொளவ மடியில வச்சு பீடி சுத்திக்கிட்டுல்லா இருந்தா, ஐயா. ஈறுல ரத்தம் வந்தது நிக்கவே மாட்டேங்கு" என்றார்.

காய்ச்சல் இருந்தது; இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் வெள்ளணுக்களும் வெகுவாகக் குறைந்திருந்தன. டெங்குவிலும் இவ்விரண்டும் குறையும் என்பதால், இரத்தவியல் படித்து முடித்து ஓராண்டே ஆகியிருந்த நான், டெங்கு என்றே முடிவுசெய்து குளுக்கோஸ் ஏற்றச் சொன்னேன். டெங்கு முற்றும்போது இரத்தத்தின் நீர்ப்பகுதி கசிவதால் எஞ்சிய இரத்தம் கெட்டிப்படும்; ஹீமோகுளோபின் அளவும் ஏறும். இவளுக்கோ ஹீமோகுளோபின் 7தான் இருந்தது. அதை இரத்தசோகை என்று எண்ணிக் கடந்துபோனது என் பிழை. மூன்றாம் நாள் காலையில்தான் அவளுடைய இரத்தத் தடவலை, அதாவது கண்ணாடித் துண்டில் மெல்லிதாகப் பரப்பிய இரத்தத் துளியை, நானே நுண்ணோக்கியில் பார்த்தேன். துகள்கள் அடர்ந்த அணுக்களுக்குள் செந்நிற ஊசிகள் விறகுக் கட்டுப்போலக் குவிந்து கிடந்தன. அன்றிரவே மூளையில் இரத்தம் கசிந்து அவள் இறந்துபோனாள்.

அது புரோமைலோசைட் வகை இரத்தப் புற்றுநோய். 15ஆம், 17ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் வெள்ளணுக்கள் முதிராமல் நின்றுவிடுகின்றன. இரத்தம் உறைவதற்கான பொருள்களும் செலவழிந்துபோகின்றன. முதல் சில நாள்களைக் கடந்துவிட்டால் பெரும்பாலோர் முழுமையாகக் குணமடையக்கூடிய நோய் இது என்பதுதான் என்னை இன்றும் வருத்துகிறது. வைட்டமின் ஏயிலிருந்து பெறப்படும் ட்ரெட்டினாயின் மாத்திரை அந்த அணுக்களை முதிரச் செய்கிறது. சந்தேகம் எழுந்தவுடனேயே, மரபணுச் சோதனை முடிவுக்குக் காத்திராமல் அதைத் தொடங்கிவிட வேண்டும்.

அதனுடன் நாங்கள் தரும் ஆர்சனிக் ட்ரையாக்சைடு, பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவர்களுக்கு வெள்ளைப் பாடாணம் என்று அறிமுகமான நச்சுப் பொருளே. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் அதை மட்டுமே கொடுத்துப் பலரைக் குணப்படுத்தியிருக்கிறார்கள். ஆனாலும் அது தூய்மைப்படுத்தப்பட்டு, இதயத் துடிப்பையும் உப்புகளின் அளவையும் கண்காணித்தபடி இரத்தக் குழாய் வழியே செலுத்தப்படும் மருந்து என்பதை, பாடாணம் தேடிப் புறப்படும் உறவினர்களிடம் நான் ஒவ்வொரு முறையும் உட்கார வைத்துச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு, அம்பாசமுத்திரம் பக்கமிருந்து வந்த இளைஞர் ஒருவரின் தடவலில் அதே ஊசிகளை இரவு பதினொரு மணிக்குப் பார்த்தேன். அலமாரியில் எப்போதும் இருப்பு வைத்திருக்கும் மாத்திரையை அப்போதே என் கையால் கொடுத்து, தட்டணுக்களுக்கு இரத்த வங்கியை எழுப்பினேன். அவர் இப்போது குழந்தையுடன் பரிசோதனைக்கு வருகிறார்.

ஐப்பசி மழை தொடங்கியதும், தட்டணு குறைந்த ஒவ்வொருவருடைய ஸ்லைடையும் என் மேசையில் வைத்துவிட்டுத்தான் ஆய்வகத்துத் தம்பி வீட்டுக்குப் போவார். அவற்றைப் பார்த்து முடிக்காமல் நானும் கிளம்புவதில்லை.