டேங்க்கை தோண்டி எடுத்துட்டா முடிஞ்சுதா?

பூமிக்கடியில இருக்கிற பெட்ரோல் டேங்க் லீக் ஆகுதுன்னு தெரிஞ்சதும் முதல்ல செய்யறது என்னன்னா, டேங்க்கை காலி பண்ணி தோண்டி எடுத்து, வாசனை அடிக்கிற மண்ணையும் லாரில ஏத்தி அனுப்பிட்டு, குழியில புது மண்ணைக் கொட்டி மூடறது. அது செஞ்சே ஆகணும், லீக்கை நிறுத்தாம வேற எதையும் ஆரம்பிக்கவே முடியாது. ஆனா அதோட வேலை முடிஞ்சுதுன்னு ரிப்போர்ட்ல எழுதறதைப் பாத்தா எனக்கு வயிறு எரியும்.

பெட்ரோல் மண்ணுக்குள்ள இறங்கும்போது வழியெல்லாம் மண்துகளுக்கு நடுவுல மாட்டிக்கும், மிச்சம் நீர்மட்டம் வரைக்கும் போய், தண்ணிய விட லேசுங்கறதால அது மேல மிதக்கும். சும்மா மிதந்தாக்கூட பரவால்ல. வறட்சில நீர்மட்டம் இறங்கினா கூடவே இறங்கும், மழைல ஏறினா கூடவே ஏறும், இப்படி ஏறி இறங்கி ஒரு பெரிய ஆழத்துக்கு மண்ணு முழுக்க பூசி விட்டுடும். நீர்மட்டம் ஏறினப்புறம் அந்த மண்ணு தண்ணிக்கு அடியில போயிடும், அங்கேருந்து வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு வந்துட்டே இருக்கும்.

இதைக் கண்காணிக்க சின்னச் சின்ன போர் போட்டு வச்சிருப்பாங்க. பெய்லர்னு உள்ள இருக்கறது வெளிய தெரியற ஒரு பிளாஸ்டிக் குழாய், அதைக் கயித்துல கட்டி இறக்கி மெதுவா தூக்கணும். கீழ தண்ணி, மேல இளமஞ்சளா தனி அடுக்கு, நடுவுல பளிச்சுன்னு ஒரு கோடு, தூக்கின உடனே நெடி மூக்குல ஏறும். அந்த அடுக்கோட கனத்தை வச்சு மண்ணுக்குள்ளயும் அவ்ளோதான்னு கணக்கு போடக்கூடாது, போருக்குள்ள பெரும்பாலும் கூடுதலாத்தான் காட்டும். அதே மாதிரி அடுக்கே வரலன்னாலும் மண்ணுல எதுவும் இல்லன்னு அர்த்தம் கிடையாது, இந்த ரெண்டாவது விஷயத்தைத்தான் எல்லாரும் மறந்துடறாங்க.

ஏன் இவ்ளோ பயப்படணும்னா, பெட்ரோல்ல இருக்கிற பென்சீன். புற்றுநோய் வரவைக்கிற பொருள்னு உறுதியாயிருக்கு. குடிதண்ணில லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் தாண்டக்கூடாதுங்கறது உலக சுகாதார நிறுவனத்தோட அளவு. 1 சதவீதம் பென்சீன் இருக்கிற ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலை எடுத்துக்கங்க, அதுல இருக்கிற பென்சீன் முழுசும் கரைஞ்சா 8 லட்சம் லிட்டருக்கு மேல தண்ணிய அந்த அளவுக்குக் கொண்டுபோய் நிறுத்திடும். பெட்ரோல் நல்லா எரியறதுக்காக சேக்கற எம்டிபிஇங்கற ரசாயனம் கலந்திருந்தா இன்னும் மோசம், அது தண்ணில நல்லா கரையும், மண்ணுல ஒட்டாது, தண்ணியோட சேந்து ரொம்ப தூரம் ஓடிடும். கலிஃபோர்னியால சாண்டா மோனிகா நகரம் 1996ல இதனாலதான் தன்னோட குடிநீர் கிணறுகள்ல பலதை மூட வேண்டி வந்துது.

சுத்தம் பண்ண வழி இல்லாம இல்ல. நீர்மட்டத்துக்கு மேல இருக்கிற மண்ணுல வேக்குவம் வச்சு ஆவியை உறிஞ்சி எடுக்கலாம், தண்ணிக்கு அடியில காத்தை அடிச்சு கரைஞ்சதை ஆவியாக்கி மேல கொண்டு வரலாம். மணல்ல ரெண்டுமே நல்லா வேலை செய்யும், களிமண்ணுல காத்து உள்ள போறதே பெரும்பாடு. மண்ணுல இருக்கிற பாக்டீரியாவே பெட்ரோலைத் தின்னும், ஆனா லீக் ஆன இடத்துக்குப் பக்கத்துல ஆக்சிஜன் சீக்கிரம் தீந்துடும், அதை நாம கொடுத்தா வேகமா தின்னும். என்னைக் கேட்டா காத்தையும் பாக்டீரியாவையும் நம்பற திட்டம்தான் பல இடத்துக்கு சரி.

தண்ணிய பம்ப் பண்ணி கார்பன் ஃபில்டர்ல விடறதை மட்டும் நம்பினா என்ன ஆகும்னு சொல்றேன். மொதல்ல அளவு மளமளன்னு குறையும், எல்லாருக்கும் சந்தோஷம், அப்புறம் ஒரு இடத்துல வந்து நின்னுடும். பம்பை நிறுத்திட்டு சில மாசம் கழிச்சு சேம்பிள் எடுத்தா திரும்ப ஏறியிருக்கும், ஏன்னா எண்ணெய்ப் பிசுக்கு ஏறின துணிய வெறும் தண்ணில அலசற கதைதான் அது, மண்ணுல ஒட்டினது அப்படியே இருக்கு. அதனால மெஷின் ஓடும்போது எடுத்த ஒரு நல்ல ரீடிங்கைக் காட்டி யாராவது சுத்தமாயிடுச்சுன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு, நீர்மட்டம் ஏறினப்பவும் இறங்கினப்பவும் குறைஞ்சது ஒரு வருஷம் முழுக்க எடுத்த ரிசல்ட் எங்கேன்னு கேளுங்க.

பக்கத்துல கிணறோ போரோ வச்சிருக்கறவங்க மூக்கை நம்பாதீங்க, பென்சீன் வாசனை தெரியறதுக்குள்ள வரம்பைத் தாண்டி எங்கயோ போயிருக்கும், லேப்ல கொடுத்துத்தான் பாக்கணும். சந்தேகம் இருந்தா அந்தத் தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிக்கலாம்னு யாரும் கெளம்பாதீங்க, கிளம்புற ஆவி வீட்டுக்குள்ளயேதான் சுத்தும், நீங்கதான் அதை சுவாசிப்பீங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் அதுல சுடுதண்ணிக் குளியலும் வேண்டாம்.